கிரகணக் காட்சியில் நிலா இல்லாமல் போனது குறித்து

என்னை எல்லாரும் வாலு என்று கூப்பிடுவார்கள். பள்ளியில் கொடுத்த பெயர் முதல் தாளில் தனியாக எழுதப்பட்டுள்ளது. அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். வயது பதினாறு. பதினோராம் வகுப்பு படிக்கிறேன். கோளரங்கத்தின் பின்பக்கம் உள்ள ஊழியர் குடியிருப்பில், மாடி வீட்டில், என் சித்தியுடன் வசிக்கிறேன். யாருடைய மிரட்டலும் தூண்டுதலும் இல்லாமல், காலைச் சாப்பாடுகூட இல்லாமல், நானாகவே நடந்து இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

முதலில் ஓர் அறிவிப்பு. சனிக்கிழமை காலைக் காட்சியின்போது நிலா காலமானது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அன்னாருக்கு வயது அதிகம். அன்னார் சூரியனையும் பூமியையும் கணக்கில்லாத நட்சத்திரங்களையும் விட்டுச் சென்றுள்ளார். எடுத்துச் செல்ல ஒன்றும் மிஞ்சாததால் ஊர்வலம் கிடையாது.

"இதெல்லாம் எழுத முடியாது தம்பி" என்று தட்டச்சு செய்யும் எழுத்தர் சொன்னார். வாக்குமூலம் என்றால் வாயில் வருவதை வந்தபடி எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். உதவி ஆய்வாளர் மேடம், "எழுதுங்க, அப்பத்தான் சீக்கிரம் முடிப்பான்" என்றார். எழுதப்பட்டது.

அதன் பிறகு மேடம் என்னைப் பார்த்து, "யார் சார்பா வந்திருக்க?" என்று கேட்டார். இந்த வழக்கே சார்பைப் பற்றியதுதான் என்பதால் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. சித்தி சார்பாக வந்திருக்கிறேன் என்றேன். சித்தி அனுப்பினாரா என்று கேட்டதற்கு, அவருக்குத் தெரிந்தால் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றேன்.

என் சித்தி கோளரங்கத்தில் வானத்தை இயக்குபவர். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பார். விளக்கு அணைந்ததும் அரங்கத்தின் கூரை இருந்த இடத்தில் கூரை இருக்காது. ஒவ்வொரு நட்சத்திரமும் ஊதினால் பறந்துவிடும் பஞ்சு மாதிரி விரிந்து, பக்கத்துப் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு, வானம் முழுக்க ஒரே போர்வையாக மிதக்கும். நிலா வரும்போது ஒன்றின் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றாக இரண்டு நிலா வரும். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான் இருப்பேன். தூங்குவதற்கு என்று சித்தி சொல்வார். முழுப்பொய் என்று சொல்ல முடியாது.

அந்த வானம் ஒரு கணினிக்குள் இருக்கிறது. அதில் ஓடுவது கட்டற்ற இயங்குதளம். கட்டற்ற என்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் கட்டுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லா மென்பொருளும் பொதி பொதியாக வரும். ஒவ்வொரு பொதியிலும் 'நான் வர வேண்டுமென்றால் இன்னின்னாரும் வர வேண்டும்' என்று எழுதியிருக்கும். அதற்குத்தான் சார்பு என்று பெயர். வானம் என்ற பொதியைக் கூப்பிட்டால் அது படம் வரையும் பொதியைக் கூப்பிடும், அது எழுத்துருவைக் கூப்பிடும், எழுத்துரு தன் ஒன்றுவிட்ட அண்ணனைக் கூப்பிடும். ஒருத்தருக்கு அழைப்பு வைத்தால் வண்டி நிறைய வந்து இறங்குவார்கள். "எங்க வீட்டுக்காரர் பக்கம் அப்படித்தான்" என்று மேடம் சொன்னார். இதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். அதற்குள் எழுதப்பட்டுவிட்டது.

அந்த இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்தப் பொதியை நாம் பெயர் சொல்லிக் கேட்டோம், எது இன்னொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு தானாக வந்தது என்று அது மறக்கவே மறக்காது. கேட்டு வந்ததை அது தொடாது. தானாக வந்ததை மட்டும் அவ்வப்போது பார்த்து, 'இதைக் கூட்டிக்கொண்டு வந்தவர் போய்விட்டார், இது இனி யாருக்கும் தேவையில்லை, நீக்கவா?' என்று கேட்கும். பட்டியல் போட்டுக் கேட்கும். ஆம் என்றால் நீக்கிவிடும்.

வானம் என்ற பொதியை எழுதிய ஆள் ஒரு நட்சத்திரப் பைத்தியம். நிலா வெளிச்சம் வந்தால் நட்சத்திரம் மங்கிவிடுமென்று தன் வானத்தில் நிலாவையே சேர்க்கவில்லை. எங்கள் கோளரங்கத்துக்கு நிலா எப்படி வந்தது என்றால், கடலலை பற்றி ஒரு காட்சி வைத்திருந்தார்கள், அதற்கு 'அலைகள்' என்ற பொதியைக் கேட்டார்கள், நிலா இல்லாமல் அலை ஏது, ஆகவே அலைகள் நிலாவைக் கூட்டிக்கொண்டு வந்தது. நிலா வேண்டுமென்று அங்கே யாரும், எப்போதும், கேட்டதே இல்லை.

இனி குற்றம் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். இது முழுக்க முழுக்க என் மூளை. சித்தி கடவுச்சொல்லைத் தட்டும்போது நான் வாசல்படியில் நின்றேன். அவருடைய மூக்குக்கண்ணாடியில் விசைப்பலகை தெரிந்தது. வலது இடதாகவும் இடது வலதாகவும் தெரிந்ததை மனசுக்குள் திருப்பிப் போட்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்கொண்டேன். அதன் பிறகு சனிக்கிழமை காலை, காட்சி தொடங்கும் முன், சீட்டு அச்சடிக்கும் கருவி மக்கர் செய்கிறதென்று மேலாளர் சித்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதன் பிறகு நான் சித்தியின் நாற்காலியில் உட்கார்ந்து, கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே புகுந்து, அலைகள் என்ற பொதியை நீக்கினேன். அலை போனால் நிலா உதிரும் என்று எனக்கு முன்பே தெரியும். இயந்திரம் பட்டியல் போட்டுக் கேட்டது. ஆம் என்றேன். கிரகணக் காட்சியில் நிலா இல்லாவிட்டால் எப்படி இருக்குமென்று பார்ப்பதே நோக்கம். சித்திக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடும்படி கேட்டேன். எழுத்தர் அந்த வசதி இல்லை என்றார்.

அதன் பிறகு காட்சி தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் நிர்வாகக் குழுத் தலைவர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் பூசிய வாசனைத் திரவியம் கடைசி வரிசை வரை வந்திருந்தது. விளக்கு அணைந்தது. பஞ்சு வானம் விரிந்தது. பதிவு செய்த குரல், "குழந்தைகளே, இதோ கிழக்கே எழுகிறது முழுநிலா" என்றது. கிழக்கே ஒன்றும் எழவில்லை. "எத்தனை அழகு, பார்த்தீர்களா?" என்று குரல் கேட்டது. பதிவு செய்த குரலுக்கு வெட்கம் கிடையாது.

"மிஸ், எங்க மிஸ்?"

"அங்கதாண்டா. நல்லாப் பாரு."

"தெரியலயே மிஸ்."

"பேசாமப் பாத்தா தெரியும்."

அதன் பிறகு பூமியின் நிழல் நிலாவை மெல்லக் கடிக்கத் தொடங்குவதாகக் குரல் சொன்னது. அப்போது எங்கேயோ நடுவரிசையில் ஒரு சின்னப் பெண், "ஐ, நான் பாத்துட்டேன்!" என்றாள். உடனே அவள் பக்கத்தில் இருந்தவனும் பார்த்துவிட்டான். "ஆமாண்டா, செவப்பா இருக்கு!" "எனக்கும் தெரியுது!" "ஏய், கை நீட்டாத, மறைக்குது!" ஒருத்தர் மடியிலிருந்து இன்னொருத்தர் மடிக்குத் தாவுகிற பூனைக்குட்டி மாதிரி அந்த இல்லாத நிலா வரிசை வரிசையாகப் போனது. நிழல் விலகி நிலா மீண்டது என்று குரல் சொன்னபோது பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். இல்லாதது போய், இல்லாதது திரும்பி வந்ததற்கு. அந்த அரங்கத்தில் நிலா இல்லையென்று முதலில் கவனித்தது நான்தான் என்பதையும் மனசுக்குள் விழுந்து விழுந்து சிரித்தேன் என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு விளக்கு எரிந்ததும் தலைவர் அம்மா எழுந்து, "நிலா எங்கங்க?" என்று மட்டும் கேட்டார். மேலாளர் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்க மேலே ஓடி வந்தார். சித்தி எழுந்து நின்று, "என் தப்புதான் சார்" என்றார்.

"தப்பா? போன வாரம் உங்க வேலைய நிரந்தரமாக்க முடியாதுன்னு சொன்னேன்ல, அதுக்குத்தான இது?"

"அப்படியெல்லாம் இல்ல சார். ஒரு வரி தட்டினா நிலா வந்துரும். தட்டவா?"

"நீங்க இனிமே எதையும் தொட வேணாம்மா."

அறையைப் பூட்டிச் சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டார். வேண்டுமென்றே கோளரங்கத்தின் உடைமையை அழித்ததாகச் சித்தி மேல் இங்கே புகார் கொடுத்தார். அது உறுதியானால் சித்திக்கு வேலை போகும், வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த வீடும் போகும். நிலாவுக்கு ஒரு நீக்கம், சித்திக்கு ஒரு நீக்கம்.

அதன் பிறகு சித்தி வெளிப்படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் வண்டிகள் வெளிச்சமாக வந்து வெளிச்சமாகப் போயின. நிலா ஏன் போனது என்று சித்தி எனக்கு விளக்கினார். எனக்கு முன்பே தெரிந்த விஷயமென்றாலும் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டேன்.

"அத யாரும் கேட்டு வாங்கலடா. அலைக்காக வந்துச்சு. அலை போனதும் அதுவும் போயிருச்சு. நான் அன்னிக்கே அதக் கேட்டு வாங்கினதுன்னு குறிச்சு வச்சிருக்கணும். ஒரு நிமிஷ வேலை. விட்டுட்டேன்."

நான் முதலில் சித்தி வீட்டுக்கு வந்தது அம்மாவோடு. அதன் பிறகு அம்மாவுக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்துப் போய்விட்டார், நான் இருந்துவிட்டேன். ஆகவே விளையாட்டாக, "அப்ப நானும் தானா வந்த பொதிதானா சித்தி? எப்ப நீக்குவீங்க?" என்று கேட்டேன்.

சித்தி கோட்டுப் பையில் எதையோ தேடினார். அங்கே எதுவும் இல்லை. "உன்ன எப்பவோ குறிச்சாச்சு, போடா" என்றார். மறுநாள் காலை நான் இங்கே வந்தேன்.

மேடம் சில கேள்விகள் கேட்டார். நீக்கிய நிலா இப்போது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, பொதிகளெல்லாம் ஒரு பொதுக் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கின்றன, கூப்பிட்டால் வரும், அதற்குச் சித்தியை அறைக்குள் விட வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

"சரி. நீ திருட்டுத்தனமாப் பண்ணினது உங்க சித்திக்குத் தெரியாதுன்னா, அவங்க ஏன் என் தப்புன்னு சொன்னாங்க?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"அடுத்தவங்க கடவுச்சொல்லப் படிச்சு உள்ள புகுந்தேன்னு நீயே சொல்ற. அது விளையாட்டு இல்ல தம்பி. சிறுவர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டி வரும். தெரியுமா?"

தெரியும் என்றேன். தெரியாது.

அதன் பிறகு எழுத்தர் இதுவரை சொன்னதை அச்செடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டி, தலையை ஆட்டினேன்.

"படிச்சுட்டியா?"

"படிச்சுட்டேன் மேடம்."

"எல்லாம் சரியா?"

"எல்லாம் சரி."

"உன் வயசு அறுபத்தொண்ணுன்னு அடிச்சிருக்காரு."

எழுத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வயது இப்போது சரியாகத் திருத்தப்பட்டுள்ளது. மேடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கோபிக்கவும் இல்லை. எதிர்ச்சுவரைக் காட்டி, "அங்க என்ன எழுதியிருக்கு, படி" என்றார். காவல் நிலையத்துச் சுவரில் என்ன இருக்கும் என்று யோசித்து, "புகை பிடிக்காதீர்" என்று கம்பீரமாகப் படித்தேன்.

"அது நாள்காட்டிப்பா" என்றார் எழுத்தர்.

மேடம் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அதன் பிறகு நான் கீழ்க்கண்டதைச் சொன்னேன். இது முன்னே சொன்னதற்கு மாறானது. இதுதான் நடந்தது.

சித்தியின் கடவுச்சொல் இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணாடியில் படித்தேன் என்றது பொய். வாசல்படியில் நின்றால் சித்தியின் கண்ணாடியே எனக்குத் தெரியாது, முகம்தான் ஒரு வெளிச்சமாகத் தெரியும். அலைக் காட்சி முடிந்துவிட்டதால் அந்தப் பொதியைச் சித்தியே முறைப்படி நீக்கிக்கொண்டிருந்தார். நடுவில் மேலாளர் கூப்பிட்டார். "ஏதாச்சும் கேட்டுச்சுன்னா எனக்குப் போன் பண்ணு, நீயா எதையும் அழுத்தாத" என்று சொல்லிவிட்டுப் போனார். இயந்திரம் கேட்டது. போன் செய்தேன்.

"என்னடா கேக்குது?"

"தொடரவான்னு கேக்குது சித்தி." அது எப்போதும் கேட்கும் கேள்வி, படிக்க வேண்டியதில்லை.

"மேல ஒரு பட்டியல் இருக்கும் பாரு. அலை சம்பந்தமில்லாதது ஏதாச்சும் இருக்கா?"

எனக்குத் தெரிந்தது, கறுப்புத் தரையில் யாரோ கோலிக்குண்டுகளை நனைத்து உருட்டிவிட்ட ஈரம். ஒரு வரி எங்கே முடிந்து அடுத்த வரி எங்கே தொடங்கியது என்றுகூடத் தெரியவில்லை. "எல்லாம் அலைதான்" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் சித்தி."

"சரி, ஆம்னு குடு."

கொடுத்தேன். பட்டியலின் நடுவில் நிலா இருந்திருக்கிறது.

என் கண் இப்படியென்று யாருக்கும் தெரியாது. பள்ளியில் கண் பரிசோதனை நடந்தபோது எனக்கு முன்னால் நின்றவன் படித்ததைக் காதால் பிடித்து ஒப்பித்துத் தப்பித்தேன். பள்ளி முடித்ததும் அந்த இருட்டறையில் என்னையும் உட்கார வைப்பதாகச் சித்தி சொல்லியிருந்தார். கண் தெரியாதவன் கையில் வானத்தை யார் கொடுப்பார்கள்? அன்று படியில் உட்கார்ந்திருந்தபோது, 'பட்டியலைப் படித்தாயா' என்று சித்தி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இங்கே வந்து இவ்வளவு பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நிலாவும் அலையும் பற்றி மேலே நான் விளக்கியதெல்லாம் சித்தி அந்தப் படியில் சொன்னது. அதற்கு முன் எனக்கு எதுவும் தெரியாது.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆம்னு குடு" என்று போனில் சொன்னபோது சித்தி எங்கே இருந்தார்?

மேலாளரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார் என்றேன். போனில் மேலாளரின் சாவிச் சத்தம் எனக்குக் கேட்டது.

"அப்ப இது வேணும்னு பண்ணினது இல்லைனு அந்த மேலாளருக்கு அப்பவே தெரியும்" என்று மேடம் எழுத்தரிடம் சொன்னார். மேலாளரைச் சாவிக்கொத்தோடு வரச் சொல்லுங்கள் என்றார். சிறுவனின் வாக்குமூலத்துக்கு வீட்டார் ஒருவர் உடனிருக்க வேண்டும், அதையும் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று சொல்லி, சித்தியையும் கூப்பிடச் சொன்னார்.

வாசலில் ஒரு நீலம் வந்தது. வந்த வேகத்தில் சித்தி என்று தெரிந்தது. காதைப் பிடிப்பார் என்று கையால் காதை மூடிக்கொண்டேன். மேடம் தாளைச் சித்தியிடம் கொடுத்து, "இவன் படிக்க மாட்டான், நீங்களே படிச்சுக் காட்டுங்க" என்றார். சித்தி முழுவதையும் உரக்கப் படித்தார். சுவரைப் பற்றி வந்த இடத்தில் நிறுத்தி, என் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அதன் பிறகு தொடர்ந்து படித்தார். முடித்ததும் என் முகத்துக்குக் கிட்டே, கண் இமை தெரியும் அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

"நிலா இல்லைனு முதல்ல கவனிச்சது நீயாடா?"

எழுத்தர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆகவே சொல்கிறேன். தலைவர் அம்மா எழுந்து கேட்கும் வரை நிலா இல்லையென்று எனக்குத் தெரியாது. மனசுக்குள் சிரித்தேன் என்றது பொய். 'வெளியே' என்று கதவுக்கு மேல் எரிகிற சிவப்பு விளக்கைத்தான் கிரகணம் என்று நினைத்தேன். நிழல் விலகியதும் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கைதட்டினேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

மேலே பொய் என்று குறிப்பிட்டவை பொய், மீதி அனைத்தும் நடந்தபடி நடந்தவை. இது எனக்குச் சித்தியால் படித்துக் காட்டப்பட்டு, நான் கடைசி வரி வரை காதால் கேட்டு, அதன் பிறகே ஆம் என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய கோடு எங்கே என்று கேட்டேன்; சித்தி என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

ஒப்பம்: வாலு
உடனிருந்து படித்துக் காட்டியவர்: சித்தி